ஊதாச் சுடிதாரும் ஊதும் விசிலும்

அவளுடைய பெயரை இங்கே எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன். “யோசிச்சுச் சொல்லுதேன்க்கா” என்றாள். அது போன பங்குனியில். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள். அவள் முடிவெடுக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தால் எனக்குக் கண் மங்கிவிடும் என்பதால் பெயர் இல்லாமலே எழுதுகிறேன். பெயரைத் தவிர மற்றதையெல்லாம் எழுதிக்கொள்ளச் சம்மதித்தாள் என்றுதான் நினைக்கிறேன். அதையும் அவள் அடித்துச் சொல்லவில்லை.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். தென்காசியில் வீடு. குற்றாலத்தில் சீசன் தொடங்கினால் பேரருவியில் பெண்கள் பக்கம் காவலுக்கு என்னைப் போடுவார்கள். காக்கி உடுப்பு, ரப்பர் செருப்பு, கழுத்தில் ஒரு விசில். அதை ஊதினால் உள்ளே நனைகிறவர்கள் வெளியே வர வேண்டும், வெளியே நடுங்குகிறவர்கள் உள்ளே போக வேண்டும். ஒரே சத்தத்துக்கு இரண்டு அர்த்தம். இத்தனை வருஷத்தில் யாரும் குழம்பியதில்லை.

எனக்கு யோசிக்கிற பழக்கம் கிடையாது. பெண் பார்க்க வந்தவரிடம் காபியை நீட்டும்போதே “எனக்குச் சம்மதம்” என்று சொன்னவள் நான். அவர் இன்னும் தம்ளரை வாங்கியிருக்கவில்லை. முதலில் செய்துவிட்டு, நேரம் கிடைத்தால் பிறகு யோசிப்பேன். பெரும்பாலும் நேரம் கிடைக்காது. அப்படிப்பட்ட என் பொறுப்பில் அவளைக் கொண்டுவந்து சேர்த்த விதியை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

ஆடி பிறந்த அன்று வந்தாள். முப்பத்தைந்து வயசிருக்கும். ஊதா நிறத்தில் சுடிதார், கழுத்தில் தாலிக்குப் பதில் ஒரு ஸ்டாப்வாட்ச், மடியில் பாலித்தீன் உறை போட்ட நோட்டு. பெண்கள் பக்கம் படியோரம் உட்கார்ந்துகொண்டாள். குளிக்கவில்லை. மறுநாளும் அதே ஊதா. குளிக்கவில்லை. மூன்றாம் நாளும் அப்படியே. குற்றாலத்துக்கு வந்து மூன்று நாள் தலை நனையாமல் இருப்பவள் ஒன்று நோயாளியாக இருக்க வேண்டும், அல்லது திருடியாக இருக்க வேண்டும். இவளுக்கு இருமல்கூட இல்லை.

நாலாம் நாள் பின்னாலிருந்து போய் நோட்டைப் பிடுங்கினேன். பக்கம் முழுக்க எழுதியிருந்தாள். பச்சைச் சேலை – 41. மஞ்சள் நைட்டி – 17. இரட்டைச் சடை – 66. பெரிய மூக்குத்தி – 9.

“என்னம்மா இது?”

“யாரு எவ்வளவுன்னு குறிச்சுக்கிட்டு இருக்கேன்க்கா.”

எவ்வளவு என்றால் என்ன? எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணைக் காட்டி நாற்பத்தொன்று என்று சொன்னால் அது பவுன்தான். நாற்பத்தொரு பவுனைப் போட்டுக்கொண்டு எவள் அருவிக்குக் குளிக்க வருவாள் என்று நான் யோசிக்கவில்லை. என் வழக்கத்தைத்தான் மேலே சொல்லிவிட்டேனே. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காவல் கூண்டில் இருந்த சார் முன்னால் நிறுத்தினேன். “சார், சங்கிலி அறுக்க வந்த கோஷ்டி. எவகிட்ட எத்தனை பவுன் கெடக்குன்னு லிஸ்ட் எடுத்து வெச்சிருக்கா.”

சார் நோட்டை வாங்கிப் படித்தார். “ஏம்மா, மூக்குத்தி ஒன்பது பவுன்லயா போட்டிருக்கு?”

“ஒன்பது செகண்டு சார்” என்றாள் அவள், அழுகிற குரலில். “தண்ணிக்குப் பக்கத்துல வந்து நின்னதுலேர்ந்து உள்ள கால் வைக்குத வரைக்கும் எவ்வளவு நேரம் தயங்குதாங்கன்னு கணக்கு எடுக்கேன். மூளை எப்படி முடிவெடுக்குதுங்கததான் என் ஆராய்ச்சி.”

சொந்த ஊர் கீழப்பாவூர் என்றாள். வடக்கே ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் வேலையாம். அடையாள அட்டையும் இருந்தது.

“மூளை டாக்டரா?”

“இல்ல சார். மூளைக்கு உள்ள நடக்குதத கணக்கா எழுதிப் பாக்குத வேலை.”

“மூளைக்குக் கணக்கப்பிள்ளை” என்றார் சார். படம் எடுக்கக் கூடாது, யாரிடமும் பெயர் கேட்கக் கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து அருவிக்கரை முழுக்க அவள் கணக்கப்பிள்ளை ஆகிவிட்டாள். நான் மட்டும் வெட்கத்தில் இரண்டு நாள் அவள் பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள் ஒரு சுக்குக்காபியை வாங்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்கிற வழக்கமும் எனக்கு இல்லை, சுக்குக்காபிதான்.

அவள் அதைக் குடிக்கலாமா ஆறட்டுமா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆறிப்போய்விட்டது. பிறகு ஆறினதைக் குடிக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குத்தான் அவள் தொழிலை எனக்கு விளக்கினாள். பேரருவியில் குளிக்கிற இடத்துக்கு மேலே பாதுகாப்புக்காக ஒரு வளைவு கட்டியிருக்கிறார்கள். நாங்கள் அதை ஆர்ச் என்போம். தண்ணீர் ஆர்ச்சுக்கு உள்ளே விழுகிறவரை குளிக்கலாம். ஆர்ச்சைத் தாண்டி விழுந்தால் வெள்ளம், உடனே எல்லோரையும் வெளியேற்றித் தடை போட்டுவிடுவோம். அந்த ஆர்ச்சைத்தான் அவள் கையால் காட்டினாள்.

“அக்கா, தண்ணி ஆர்ச்சைத் தாண்டுத வரைக்கும் தடை கிடையாது. தாண்டுன உடனே தடை. நடுவுல பாதித் தடைன்னு ஒண்ணு உண்டா?”

“அதெப்படி பாதித் தடை போட முடியும்?”

“அதேதான். மூளைக்குள்ளயும் ஒரு ஆர்ச் இருக்குன்னு வெச்சுக்கிடுங்க. ‘இவ்வளவு தூரம் வந்தாச்சு, குளிச்சிரணும்’னு ஒரு செம்பு தண்ணி ஏறும். ‘யம்மாடி, என்னா குளுரு’ன்னு அரைச் செம்பு இறங்கும். பின்னால நிக்கவ தள்ளுவா, மறுபடி ஏறும். இப்படி ஏறி இறங்கி ஏறி, ஆர்ச்சைத் தொட்டதும் கால் தானாப் போயிரும். எவ்வளவு வேகமா ஏறுது, எவ்வளவு தடுமாறுது, ஆர்ச் எம்புட்டு உயரம். இந்த மூணையும் கணக்கா எழுதிட்டா, மனுஷ மூளை முடிவெடுக்குதத காகிதத்துல பாத்துரலாம்.”

“மண்டையைத் திறக்காமலா?”

“திறக்காம. எவ்வளவு நேரம் தயங்குதாங்கங்குறது மட்டும் போதும்.”

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. வருஷக்கணக்காக ஆர்ச்சையே அண்ணாந்து பார்த்து நின்றவளுக்கு அது புரியாமல் போனால்தான் அதிசயம். ஆனால் பெண்கள் வெளியே தயங்குவதைப் பார்த்து உள்ளே எத்தனை செம்பு என்று சொல்லிவிட முடியுமா என்றேன். அவள் மடிக்கணினியைத் திறந்தாள். ஒரு கோட்டுக்குக் கீழே நூல் நூலாக எதுவோ நெளிந்து நெளிந்து ஏறிக்கொண்டிருந்தது.

“இதுல ஆயிரம் பொம்பளைங்க இருக்காங்கக்கா. எல்லாம் கணக்குல செஞ்ச பொம்பளைங்க. அந்தக் கோடு ஆர்ச். இவங்க எத்தனை பேரு சட்டுனு போறாங்க, எத்தனை பேரு நின்னு நின்னு போறாங்கங்கது, அங்கன நிக்கவங்களோட ஒத்துப்போச்சுன்னா என் கணக்கு சரி.”

“துண்டு கொண்டாந்திருக்காளுகளா?” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. துண்டு ஒரு காரணியாக இருக்குமோ என்று நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அப்போதே இன்னொன்றையும் சொன்னாள். இந்தக் கட்டுரையை ஆறு வருஷமாக எழுதுகிறாளாம். ஆறு வருஷமாக அனுப்பவில்லையாம். ஒவ்வொரு முறை முடிக்கும்போதும் இன்னும் கொஞ்சம் டேட்டா இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றுமாம். நிலையத்துத் தலைவர் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கடிதம் கொடுத்துவிட்டார். ஆடிக் கடைசி வெள்ளி, பகல் பன்னிரண்டு மணிக்குள் கட்டுரை பத்திரிகைக்குப் போயிருக்க வேண்டும். போகாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள்.

“வேலை போயிருமா?”

“போயிரும்க்கா.”

“பெறவென்ன? அனுப்பிட வேண்டியதுதான.”

“இன்னும் கொஞ்சம் டேட்டா வேணுமே” என்றாள்.

அந்த வாக்கியத்தைப் பிறகு நான் எத்தனை முறை கேட்டேன் என்று எண்ண முடியாது. தென்காசிப் பழைய பஸ் நிலையத்தில் குற்றாலம் பஸ் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அவள் முதல் பஸ்ஸை விடுவாள், கூட்டம் என்று. இரண்டாவதை விடுவாள், இதைவிடக் கூட்டம் குறைந்தது பின்னால் வரலாம் என்று. மூன்றாவது காலியாக வந்தால், ஏன் காலியாக வருகிறது என்று சந்தேகப்பட்டு அதையும் விடுவாள். நடந்தே வந்து சேர்ந்த நாட்கள் உண்டு. ஏன் தினமும் ஊதா என்று கேட்டேன். காலையில் எந்த நிறம் போடுவது என்று யோசித்தே பத்துமணி ஆகிவிடுமாம், அதனால் ஒரே துணியில் ஐந்து தைத்துக்கொண்டாளாம். “அந்தத் துணியை எடுக்க எவ்வளவு நாள் ஆச்சு?” என்றேன். விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள்.

பழக்கடை அண்ணாச்சி விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. அருவிக்குப் போகிற வழியில் கடை. சீசன் பழம் எல்லாம் குவிந்து கிடக்கும். இவள் போய் நின்றாள்.

“மங்குஸ்தானா, ரம்புட்டானாம்மா?”

“தெரியலையே அண்ணாச்சி. இன்னும் கொஞ்சம் டேட்டா வேணும்.”

“டேட்டாவா? அந்தா எதுத்தாப்புல செல்போன் கடை. ரீசார்ஜ் பண்ணிட்டு வாங்க.”

அவள் போகவில்லை. நின்று இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அண்ணாச்சி பொறுத்துப் பார்த்தார். கடைசியில், “எம்மா, நீ எப்படியும் நிக்கத்தான் போற, கடையைக் கொஞ்சம் பாத்துக்க” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது பாதிக்கூடை காலியாகியிருந்தது. வந்தவர்களையெல்லாம் ஏன் இதை எடுத்தீர்கள், ஏன் அதை எடுக்கவில்லை என்று கேட்டிருக்கிறாள். அவளிடமிருந்து தப்பித்தால் போதும் என்று அவர்கள் இரண்டையும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். அவள் நோட்டில் ஒரு பக்கம் நிறைந்திருந்தது. அவள் மட்டும் ஒரு பழமும் வாங்கவில்லை. “நாளைக்கும் வாம்மா” என்றாராம் அண்ணாச்சி.

ஆனால் கணக்கு ஒத்துப்போகவில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கணினிக்குள் இருக்கிற பெண்கள் அளவுக்கு மீறித் தயங்குகிறார்களாம். இங்கே நாற்பது செகண்டில் போகிறவர்கள், அங்கே இரண்டு நிமிஷம் நின்று யோசிக்கிறார்களாம். வேகத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டாள், தடுமாற்றத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டாள்.

நான் எட்டிப் பார்த்தேன். நூல்கள் பாட்டுக்கு நெளிந்துகொண்டிருந்தன.

“இவளுகளுக்கு யாருட்டி விசில் ஊதுதா?” என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு விசிலைப் பார்த்தாள். பிறகு எழுந்து நின்று, எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தாள். ஒரு நீளமான சூத்திரத்தின் கடைசியில் ஆங்கிலத்தில் u என்று ஓர் எழுத்தைச் சேர்த்தாள்.

“இதுதான்க்கா நீங்க.”

“நானா? இம்புட்டுதானா?”

“இங்கிலீஷ்ல ‘அர்ஜென்சி’, அவசரம்னு அர்த்தம்க்கா. ஆனா நீங்க என்ன செய்யுதீங்கன்னு தெரியணும். விசில் சத்தம் தண்ணியை வேகமா ஏத்துதா, இல்ல தண்ணி அப்படியே இருக்க ஆர்ச்சைக் கீழ இறக்குதா? ரெண்டும் வேற வேற கணக்கு. அரை மணி நேரம் நீங்க விசில் ஊதாம இருந்தாத்தான் தெரியும்.”

விசில் ஊதாமல் இருப்பதா? என் உத்தியோகமே அதுதான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன். ஆறு வருஷத்துக் கணக்கு, பத்து நாளில் பறிபோகப் போகிற வேலை. “சரி” என்றேன். யோசிக்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். முதல் ஐந்து நிமிஷம் ஒன்றும் தெரியவில்லை. பிறகுதான் உள்ளே போனவர்கள் யாரும் வெளியே வரவில்லை என்பது புரிந்தது. தண்ணீருக்கு அடியில் இடம் இல்லை. வரிசை படியைத் தாண்டி, கம்பியைத் தாண்டி, எண்ணெய்க் கடைவரை போய்விட்டது. கரையில் நின்றவர்கள் ஒரு காலை நீட்டி, இழுத்து, மறு காலை நீட்டி, இழுத்து நின்றார்கள். ஒருத்தி தலைக்கு எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு வந்தவள், யோசித்த யோசனையில் போய் மறுபடியும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்தாள். நம் கணக்கப்பிள்ளை இரண்டு கையாலும் ஸ்டாப்வாட்ச்சைப் பிடித்தபடி பரவசமாக இருந்தாள்.

நடுத் தண்ணீரில் ஒரு பெண் கண்ணை மூடி நின்றிருந்தாள். கிட்டப் போய், “எம்மா, அரை மணி நேரம் ஆச்சு, வா வெளிய” என்று சத்தம் போட்டேன்.

“எங்களுக்கு ஊரு திருவேங்கடம்க்கா” என்றாள், கண்ணைத் திறக்காமல். “எங்க ஊர்ல தண்ணி லாரியிலதான் வரும். நீங்க விசில் ஊதுனாத்தான வரணும்? நீங்கதான் ஊதலையே.”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதற்குள் சார் வந்துவிட்டார். எண்ணெய்க் கடைவரை நின்ற வரிசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “என்னம்மா, விசில் எங்க?”

“உள்ள கெடக்க உருண்டை சிக்கிக்கிச்சு சார்.”

சார் கையை நீட்டினார். கொடுத்தேன். ஊதிப் பார்த்தார். அருவி முழுக்கக் கேட்டது. உள்ளே இருந்த அத்தனை பேரும் ஒரே ஓட்டமாக வெளியே வந்தார்கள், வெளியே இருந்த அத்தனை பேரும் ஒரே ஓட்டமாக உள்ளே போனார்கள். நடுவில் மோதிக்கொண்டு ஒரு சோப்பு டப்பாவும் இரண்டு செருப்பும் தண்ணீரோடு போயின. அந்தச் செருப்பில் ஒன்று சாருடையது. அவர் என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத மாட்டேன்.

அன்று சாயங்காலம் அவள் பஸ் நிலையத்தில் என்னைத் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். “ஆர்ச்தான்க்கா. விசில் தண்ணியை ஏத்தல. ஆர்ச்சை இறக்குது. குளுரு குறையல, ஆசையும் கூடல. ‘போதும் யோசிச்சது’ன்னு மூளை ஆர்ச்சைத் தாழ்த்திக்கிடுது. ஆயிரம் பொம்பளைங்களும் இப்போ சரியாக் குளிக்காங்க!”

“அப்போ அனுப்பிரு.”

அவள் கையை விட்டுவிட்டாள். “ஒரு தடவை சரிபாத்துக்கிடுதேன்.”

சரிபார்த்தாள். ஒவ்வொரு நாளும் சரிபார்த்தாள். நான் வீட்டில் சாம்பார் கொதிக்கும்போதுகூட அவள் கட்டுரையை நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வராத கவலை. இத்தனை கெட்டிக்காரி ஒரு பொத்தானை அமுக்க முடியாமல் வேலையை விட்டுவிடப் போகிறாளே என்று எரிச்சலும் வந்தது, பாவமாகவும் இருந்தது. எரிச்சல்தான் அதிகம்.

ஆடிக் கடைசி வெள்ளி வந்தது. காலை ஒன்பது மணிக்கே படியின் உச்சியில் மடிக்கணினியோடு உட்கார்ந்துவிட்டாள். முப்பத்தொன்றாவது திருத்தமாம். அனுப்பும் பொத்தானுக்கு மேலே விரல் நின்றது. பத்து மணிக்கும் நின்றது. பதினொரு மணிக்கு மலையில் மேகம் கறுத்தது. வெள்ளம் வருவதற்கு முன்னால் அருவியின் சத்தம் மாறும். முதலில் கனக்கும், பிறகுதான் தண்ணீர் செம்மண் நிறத்தில் இறங்கும். பதினொன்றே முக்காலுக்குச் சத்தம் கனத்தது. அண்ணாந்து பார்த்தேன். தண்ணீர் ஆர்ச்சைத் தொட்டு, தாண்டியது.

மூன்று முறை நீளமாக ஊதினேன். பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, துண்டை விட்டுவிட்டு ஓடினார்கள். ஐந்து நிமிஷத்தில் கரை காலியாகிவிட்டது. எண்ணிச் சரிபார்த்துத் திரும்பினால் ஓர் ஊதாச் சுடிதார் மட்டும் படியில் அப்படியே இருந்தது.

“ஏட்டி, எந்திரி! தடை போட்டாச்சு!”

“ஒரே ஒரு கமாதான்க்கா சந்தேகம். ஏழாம் பக்கத்துல. போடலாமா வேண்டாமான்னு…”

“மணி என்ன தெரியுமா?”

“பன்னெண்டுக்கு ரெண்டு நிமிஷம் இருக்கு. இன்னும் கொஞ்சம்…”

அவள் காதுக்குப் பக்கத்தில் விசிலை வைத்து, நெஞ்சில் இருந்த காற்று முழுவதையும் விட்டு ஊதினேன்.

துள்ளி விழுந்தாள். விரலும் விழுந்தது.

“போச்சு” என்றாள்.

“என்ன போச்சு?”

“போயிருச்சுக்கா. அனுப்பிட்டேன்.”

“கமா?”

“தெரியல.”

கொஞ்ச நேரம் கணினியையே பார்த்தாள். பிறகு அதை மூடி என் கையில் கொடுத்தாள். துப்பட்டாவை எடுத்து இடுப்பில் கட்டினாள். விறுவிறுவென்று படியில் இறங்கித் தண்ணீரைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.

“எங்கட்டி போற?”

“குளிக்கக்கா! இப்பவே குளிச்சிருதேன்!”

ஓடிப்போய்ச் சடையைப் பிடித்து இழுத்தேன். “ஆர்ச்சைத் தாண்டிருச்சுட்டி! ஆளை அடிச்சுக்கொண்டு போயிரும்!” ஆடி மாசம் பூராவும் தண்ணீர் அழகாக விழுந்தது, இவள் போகவில்லை. போகிறேன் என்று கிளம்பிய நிமிஷத்தில் தடை. அவள் படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு முடிந்ததும் அழுதாள். நானும் அழுதேன். எதற்கு என்று யோசிக்கவில்லை.

மூன்று நாள் தடை நீங்கவில்லை. விடுப்பு முடிந்து அவள் தென்காசியிலிருந்து ரயில் ஏறிப் போய்விட்டாள். கட்டுரை உரிய நேரத்தில் போனதால் வேலையை ஒரு வருஷம் நீட்டித்தார்கள். நானும் மறந்துவிட்டேன். தை மாசம் பொங்கல் கழிந்து ஒரு நாள் போன் வந்தது.

“அக்கா, பத்திரிகைக்காகக் கட்டுரையைப் படிச்சுப் பாத்தவங்க பதில் போட்டிருக்காங்க. ரெண்டு பேரு. முதல் ஆளுக்குப் பிடிச்சிருக்கு.”

“ரெண்டாவது ஆளு?”

“இன்னும் கொஞ்சம் டேட்டா வேணும்னுட்டாரு.”

அடுப்பில் தோசை கருகுகிறவரை சிரித்தேன். ஆனால் அவள் குரலில் சிரிப்பு இல்லை. அந்த ஆள் கேட்டிருந்தது இதுதான்: விசில் ஊதினால் மற்றவர்கள் மூளையில் ஆர்ச் இறங்குகிறது, சரி, விசில் ஊதுகிறவளின் மூளை எப்போது ஊத வேண்டும் என்று எப்படி முடிவெடுக்கிறது? அந்தக் கணக்கு இல்லாவிட்டால் கட்டுரை அச்சில் வராது. அச்சில் வராவிட்டால் நீட்டித்த வருஷத்தோடு வேலை முடிந்தது.

மறு வருஷம் ஆடி பிறந்த அன்று வந்து சேர்ந்தாள். அதே ஊதா. இந்த முறை அருவிக்கு முதுகைக் காட்டி, என்னைப் பார்த்து உட்கார்ந்தாள். ஸ்டாப்வாட்ச் என் மூஞ்சிக்கு நேரே இருந்தது.

முதல் நாள் அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. “என்னக்கா, இடம் நிறையுது, உடனே ஊதிருதீங்க. நடுவுல யோசிக்கவே மாட்டேங்கீங்களே! உங்க ஆர்ச் தரையோட தரையா கெடக்கு.”

“அதுக்கு நான் என்ன செய்ய?”

“எப்பவும் போல ஊதுங்க. நான் இங்கன இல்லைன்னு நெனைச்சுக்கிடுங்க.”

அதெப்படி நினைக்க முடியும்? ஒருத்தி எதிரே உட்கார்ந்துகொண்டு என் விசிலையும் வாயையும் மாறி மாறிப் பார்க்கும்போது? இரண்டாம் நாள் ஊதுவதற்கு முன்னால் அவளை ஒரு பார்வை பார்த்தேன். மூன்றாம் நாள், இப்போதுதானே அந்த வயசான அம்மா உள்ளே போனாள், உடனே ஊதினால் பாவமில்லையா என்று தோன்றியது. நாலாம் நாள் பாவம் மட்டுமில்லை, வரிசையில் நிற்கிறவர்களுக்கும் நியாயம் பார்க்க வேண்டுமே என்றும் தோன்றியது. அவள் பென்சில் ஓடிக்கொண்டே இருந்தது. அன்று ராத்திரி என் வீட்டுக்காரர் தோசையா சப்பாத்தியா என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து நெற்றியைத் தொட்டுக் காய்ச்சலா என்று பார்த்தார்.

ஐந்தாம் நாள் காலை. நல்ல தண்ணீர், நல்ல கூட்டம். இடம் நிறைந்துவிட்டது. விசிலை வாயில் வைத்தேன். ஊதலாம். ஆனால் அந்தப் பச்சைப் பாவாடைப் பிள்ளை இன்னும் சோப்புப் போட்டு முடிக்கவில்லை. ஊதாவிட்டால் கைக்குழந்தையோடு நிற்கிறவளுக்குக் கால் வலிக்கும். ஆனால் பண்பொழியிலிருந்து பாட்டுப் பாடிக்கொண்டு வந்த கூட்டம் இப்போதுதானே…

“எக்கா, ஊதுங்களேன்!” என்று வரிசையில் இருந்து ஒருத்தி கத்தினாள்.

“ஊதுங்க! ஊதுங்க!” என்று எல்லோரும் கத்தினார்கள்.

விசிலை வாயிலிருந்து எடுத்தேன். “இருங்க. இன்னும் கொஞ்சம் பாத்துட்டு ஊதுதேன்.”

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. எதிரே அவள் பென்சிலை நிறுத்திவிட்டிருந்தாள்.

“அக்கா,” என்றாள், “இது என் பேச்சுல்லா.”

நான் என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவள் நோட்டை மூடினாள். “போதும்க்கா. டேட்டா போதும்.” கழுத்திலிருந்த ஸ்டாப்வாட்ச்சைக் கழற்றி நோட்டோடு என் கையில் வைத்தாள். துப்பட்டாவை இடுப்பில் கட்டினாள். திரும்பினாள். ஒரு காலை நீட்டி இழுக்கவில்லை, குளிருமா என்று விரலை வைத்துப் பார்க்கவில்லை. வரிசையில் நின்றவர்களைக் கண்டுகொள்ளாமல் நேரே நடந்து தண்ணீருக்கு அடியில் போய் நின்றாள்.

“யம்மாடி!” என்று அவள் போட்ட கூச்சல் ஆண்கள் பக்கம்வரை கேட்டிருக்கும். ஊதாச் சுடிதார் நனைந்து கறுப்பானது. கண்ணை மூடி, வாயைத் திறந்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றாள். திருவேங்கடத்துக்காரியைவிட அதிக நேரம் நின்றாள். வரிசை முழுக்க என்னைத் திட்டியது. சார் கூண்டிலிருந்து எட்டிப் பார்த்தார். நான் விசிலைத் தொடவில்லை.

கட்டுரை அந்த வருஷமே அச்சில் வந்தது, வேலையும் நிலைத்தது. ஏழாம் பக்கத்தில் கமா இருந்ததாம். நோட்டு மட்டும் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. தபாலில் அனுப்பவா, நேரில் வந்து வாங்கிக்கொள்கிறாயா என்று கேட்டேன், யோசித்துச் சொல்கிறேன் என்றாள். கடைசிப் பக்கத்தில் அவள் கையெழுத்துக்குக் கீழே ஒரு வரி என்னுடையது. அன்று அவள் தண்ணீரில் நிற்கும்போதே எழுதியது. சாரல் பட்டுக் கொஞ்சம் கலங்கியிருக்கும், ஆனால் படிக்கலாம்:

ஊதாச் சுடிதார் – ஒரு வருஷம், ஐந்து நாள்.